ஆர்ஆர்எம் மடிப்பு ஆர்என்ஏயைப் பற்றுமா, புரதத்தைப் பற்றுமா? விளக்கம் வேண்டும்

வணக்கம். யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்குத் தமிழ்மொழி மூலம் உயிரியல் கற்பிக்கிறேன். முன்னோடி ஆர்என்ஏயிலிருந்து இன்ட்ரோன்கள் (வெட்டி அகற்றப்படும் பகுதிகள்) நீக்கப்பட்டு எக்சோன்கள் (எஞ்சி நிற்கும் பகுதிகள்) இணைக்கப்படும் முறையைப் பற்றி அவர்களுக்கு ஒரு கையேடு எழுதிவருகையில், அம்முறையில் பங்குகொள்ளும் யு2ஏஎப்65 என்னும் புரதத்தில் வந்து நின்றுவிட்டேன்.

இப்புரதத்தில், ஏறத்தாழ 90 அமினோவமிலங்களாலான ஆர்ஆர்எம் (ஆர்என்ஏயை இனங்காணும் கூறு) மடிப்பு, அதாவது நான்கு பீட்டா இழைகளும் அவற்றின் முதுகில் இரண்டு அல்பா சுருள்களும் சேர்ந்த கட்டமைப்பு, மூன்று தடவை வருகிறது. முதலிரண்டும் இன்ட்ரோனின் முடிவுக்கு அண்மையில் யுரசில் செறிந்த பகுதியைப் பற்றுகின்றன. மூன்றாவதோ, அதே மடிப்பாக இருந்தும், அதே முறையில் பங்குகொள்ளும் எஸ்எப்1 என்னும் வேறொரு புரதத்தின் திரிப்டோபன் அமினோவமிலம் ஒன்றைத் தன் இரு சுருள்களுக்கிடையிலான குழியில் பிடித்துக்கொள்கிறது. எனக்கு இது மிக அழகாகப் படுகிறது.

யு2ஏஎப்65இன் அமினோவமில வரிசையை அச்சிட்டுச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டுப் பார்த்தேன். ஆர்என்ஏயின் நைதரசன் மூலங்கள் வந்து படியும் மூன்று இடங்களிலும் முதலிரு மடிப்புகளில் பினைல்அலனினோ தைரோசினோ இருக்க, மூன்றாவதில் ஒன்றே எஞ்சியது. ஆயினும் இவ்விடங்கள் மாறியிருந்தால் மடிப்பு ஆர்என்ஏயைப் பற்றாது என்று விதியாக எழுத மனம் ஒப்பவில்லை; பிடிபி என்னும் மற்றொரு ஆர்என்ஏ பற்றும் புரதத்தின் நான்கு ஆர்ஆர்எம்களிலும் அவ்விடங்கள் பெரும்பாலும் மாறியிருந்தும், நான்குமே ஆர்என்ஏயைப் பற்றுகின்றன.

புரதத்தைப் பற்றும் ஆர்ஆர்எம் வகையை இனங்காண, கடைசி பீட்டா இழைக்கு முன்னுள்ள வளைவில் ஆர்ஜினினும், ஓர் இடம் விட்டுப் பினைல்அலனினும் வருகின்றனவா என்று தேடினால் போதுமா? கட்டமைப்பு உயிரியல் படித்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள். புரதத்தில் தனித்து மடியும் பகுதியைக் குறிக்கும் 'டொமைன்' என்பதற்கு 'ஆட்களம்' என எழுதியுள்ளேன். வகுப்பறையில் இதைவிடப் பொருத்தமான சொல்லைப் பயன்படுத்துவோர் அதையும் அறியத்தாருங்கள்.