அப்டேட்: மூணு புள்ளி பரவளையக் கணக்கு, தப்பு என்னோடதுதான்

போன வாரம் மருமவனோட கணக்கு ஒண்ணு போட்டிருந்தேன்ல, (−1, 6), (2, 3), (4, 11) வழியா போற இருபடிச் சமன்பாடு (ஒய் = ஏ·எக்ஸ்² + பி·எக்ஸ் + சி) கண்டுபிடிக்கணும், எனக்கு ஏ-யோட மதிப்பு 15/13னு அசிங்கமா வருது, புக்கே தப்பான்னு. புக் சரிதான்.

நேத்து புளியரை செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில ஆரியங்காவு சேட்டன் ஒருத்தர், டியூஷன் எடுக்கிறவர், நோட்டைப் பாத்ததுமே "அண்ணாச்சி, மைனஸ் ஒண்ணோட வர்க்கம் பிளஸ் ஒண்ணல்லே"ன்னு சிரிச்சிட்டாரு. முதல் வரியில ஏ − பி + சி = 6னு வரணும், நான் −ஏ போட்டு வச்சிருக்கேன், மானமே போச்சு.

சரியா போட்டா ஏ + பி = −1, 6ஏ + பி = 4, அதுலேந்து ஏ = 1, பி = −2, சி = 3. அதாவது ஒய் = எக்ஸ்² − 2எக்ஸ் + 3. மூணு புள்ளியும் போட்டுப் பாத்தாச்சு, உக்காருது.

அவரே ஒரு குறுக்குவழியும் பில்லு பேப்பர் பின்னாடி எழுதிக் காட்டினாரு, நியூட்டன் முறையாம்: முதல் ரெண்டு புள்ளிக்கு சாய்வு (ஒய் வித்தியாசத்தை எக்ஸ் வித்தியாசத்தால வகுத்தா வர்றது) −1, அடுத்த ரெண்டுக்கு 4, வித்தியாசம் 5, அதை கடைசிப் புள்ளியோட எக்ஸ் 4லேந்து முதல் புள்ளியோட எக்ஸ் −1ஐக் கழிச்சா வர்ற 5ஆல வகுத்தா ஏ = 1, அவ்ளோதான். ரெண்டு சாய்வும் சமமா வந்தா ஏ பூஜ்யம், அப்போ மூணும் ஒரே நேர்கோட்டுல கிடக்கு, பரவளையமே கிடையாது.

15/13ங்கிற பின்னத்தைப் பாத்து மருமவன் அன்னைக்கே "மாமா, குறி செக் பண்ணீங்களா"ன்னான், நாந்தான் அதட்டிட்டேன்.