செர்னோபில் நீல நாய்கள்: கதிர்வீச்சா, சாயமா?

பொன்னி திண்டுக்கல் (கேள்வி)

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1986இல் அணு உலை வெடித்த உக்ரைனின் செர்னோபிலில் மூன்று நாய்கள், உஜாலாவில் முக்கி எடுத்த மாதிரி நீலம். "கதிர்வீச்சால் மரபணு மாறிய நாய்கள், அனைவருக்கும் பகிரவும்" என்று சித்தப்பா போட்டிருக்கிறார். ஏஐ படம் என்கிறான் தம்பி. இரண்டு பேரும் இப்போது பேசிக்கொள்வதில்லை, அது தனிக்கதை. எட்டாவது படிக்கிற என் மகள் என்னைக் குடைகிறாள்: மருதாணி போட்டால் பாட்டி முடி சிவக்கிறதே, கதிர்வீச்சு பட்டால் ஏன் நீலமாகக் கூடாது என்று. அவளுக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்களேன்.

கார்த்தி_க

ஏஐதான், சந்தேகமே வேண்டாம். அடுத்த வாரம் ஊதா யானை வரும் பாருங்க.

நொய்யல்கரை

ஏஐ இல்லைங்க கார்த்தி. 2025 அக்டோபரில் அங்கே நாய்களுக்குக் கருத்தடை செய்யப் போன குழுவே எடுத்து வெளியிட்ட படம் அது. கதிர்வீச்சு என்று அவர்கள் சொல்லவும் இல்லை. வேலை நடக்கும் இடங்களில் கொண்டுவந்து வைக்கிற நடமாடும் கழிவறை இருக்கிறதல்லவா, அதற்குள் ஊற்றும் நீலத் திரவம் எங்கோ கொட்டி, அதில் நாய்கள் புரண்டிருக்கும் என்பதுதான் அவர்களின் சந்தேகம். நாற்றம் எங்கே இருந்தாலும் போய்ப் புரளாத நாய் உண்டா?

பொன்னி, பாதி பதிலை உங்கள் மகளே சொல்லிவிட்டாள். பாட்டி மருதாணி போட்டு ஒரு மாதம் கழித்து வகிட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் வெள்ளை தெரியும். வெளியிலிருந்து ஏறிய நிறம் ஏறிய இடத்தோடு நின்றுவிடும், புதிதாக முளைக்கிற முடி தன் சொந்த நிறத்தில்தான் வரும். எந்த விலங்கின் படம் வந்தாலும் நான் பார்ப்பது இதைத்தான்: நிறம் நுனியில் இருக்கிறதா, அடியிலிருந்தே இருக்கிறதா? படுத்துப் புரண்ட பக்கம் மட்டும் திட்டாக இருக்கிறதா, இரண்டு பக்கமும் ஒரே சீராக இருக்கிறதா?

நான் திருப்பூரில் டையிங் மாஸ்டராக இருந்தவன். பனியன் துணி பருத்தி. அதில் சாயம் பிடிக்க உப்பு, சோடா ஆஷ், 60 டிகிரி சூடு என்று ஏகப்பட்ட உபசாரம் வேண்டும். கம்பளி, பட்டு, நாய் ரோமம், நம் தலைமுடி எல்லாம் புரதம். ஆசிட் சாயம் என்று ஒரு வகை உண்டு. புரதத்தைக் கண்டால் அது தானே போய் ஒட்டும். சூடும் அமிலமும் சேர்ந்தால் கெட்டியாகப் பிடிக்கும், இல்லாவிட்டாலும் கறையாவது விழும். கழிவறைக்கு ஊற்றும் நீலம் பெரும்பாலும் இந்த வகைதான்.

கையுறை போடாமல் டர்க்காய்ஸ் ப்ளூ கலக்கியவர் கையைப் பார்த்தாலே விஷயம் புரியும். தோலில் பட்டது சில நாளில் தோலோடு உரிந்து போகும். நகத்தில் பட்டது போகாது. நகம் வளர வளர அந்த நீலம் நுனியை நோக்கி நகரும், அடியில் சுத்தமான நகம் பிறை மாதிரி வெளியே வரும். கடைசியில் வெட்டித்தான் எறிய வேண்டும். ரோமத்திலும் இதேதான் நடக்கிறது.

நம் நாட்டிலும் இது நடந்ததுதான். 2017 ஆகஸ்டில் நவி மும்பையின் தலோஜா தொழிற்பேட்டையில் தெருநாய்கள் நீலமாகத் திரிந்தன. அங்குள்ள ஆலைக் கழிவு போய்ச் சேர்ந்தது பக்கத்திலுள்ள காசாடி ஆற்றில். விலங்கு ஆர்வலர்கள் புகார் கொடுத்த பிறகு மகாராஷ்டிர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஓர் ஆலையை மூடியது. 2021 பிப்ரவரியில் ரஷ்யாவின் ஜெர்ஜின்ஸ்க் நகரில், மூடிக் கிடந்த ரசாயன ஆலைப் பக்கம் இதே மாதிரி நாய்கள். அங்கே சந்தேகம் காப்பர் சல்பேட் மேல், நம் மயில்துத்தம்தான்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தும். தலோஜாவில் நாய் நீலமானதால் ஊர் உலகம் திரும்பிப் பார்த்தது. எங்கள் நொய்யல் ஆறு சாயக் கழிவால் நாளுக்கொரு ஷேடில் ஓடிய காலம் உண்டு. ஆனால் அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் வயலையும் கிணற்றையும் கெடுத்தது நிறம் இல்லை, உப்பு. டார்க் ஷேடு என்றால் லிட்டர் தண்ணீருக்கு 60, 80 கிராம் உப்பு போடுவோம், அத்தனையும் கழிவோடு போகும். நிறத்தை எடுப்பது அவ்வளவு பெரிய வேலை இல்லை, உப்பை எடுக்கத்தான் காசு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சொல்லிச் சாயப் பட்டறைகளை மூடினார்களே, அந்த வழக்கின் வேரே கழிவு நீர்தான். உப்புத் தண்ணீர் குடிக்கிற மாடு நிறம் மாறாது, அதனால் அதன் படத்தை யாரும் பகிரவும் மாட்டார்கள்.

விலங்கியல் டீச்சர்

நொய்யல்கரை அண்ணா வெளி நிறத்தைச் சொல்லிவிட்டார், உள் நிறத்தை நான் சொல்கிறேன்.

பாலூட்டிகளின் ரோமத்துக்கு இரண்டே நிறமிகள். யூமெலனின் கறுப்பும் பழுப்பும் தரும், ஃபியோமெலனின் மஞ்சளும் செம்மையும் தரும். இரண்டும் இல்லாவிட்டால் வெள்ளை. காசிரங்காவின் பொன்னிறப் புலி, ஒடிசா சிமிலிபால் காட்டில் கோடுகள் தடித்துக் கறுத்த புலி எல்லாம் இந்த இரண்டின் கூட்டல் கழித்தல்தான். நீல நிறமி என்ற சரக்கே அந்தக் கடையில் இல்லை. மாண்ட்ரில் குரங்கின் நீல மூஞ்சியிலும் நீல நிறமி கிடையாது, தோலுக்குள் இருக்கும் இழைகள் ஒளியைச் சிதறடிப்பதால் அப்படித் தெரிகிறது. ஆகவே மரபணு எப்படி உடைந்தாலும் நாய்க்கு நீல ரோமம் முளைக்காது.

ஆனால் மனிதர்கள் செய்யும் வேலையால் உள்ளிருந்து நிறம் மாறலாம். எனக்கு நீல நாயைவிட இதுதான் கவலை. கோஸ்டா ரிகாவில் ஊளைக் குரங்குகள் உண்டு, உடம்பு கறுப்பு, விலாவில் மட்டும் பொன்னிறம். சில வருடங்களாக அவற்றின் வாலிலும் கால்களிலும் மஞ்சள் திட்டுகள் வந்தன. ரோமத்தைச் சோதித்து 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. அந்தத் திட்டுகளில் யூமெலனின் இருக்க வேண்டிய இடத்தில் ஃபியோமெலனின் இருந்தது. ஃபியோமெலனின் உண்டாகக் கந்தகம் உள்ள அமினோ அமிலம் வேண்டும். சுற்றிலும் அன்னாசி, வாழை, பாமாயில் தோட்டங்கள், அங்கே அடிக்கும் மருந்துகளில் கந்தகம் உண்டு, குரங்குகள் இலையாகத் தின்று வாழ்பவை. அதுதான் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து, இன்னும் முடிந்த முடிவு இல்லை. இந்த மஞ்சளைக் கழுவவும் முடியாது, கத்தரித்தாலும் போகாது.

தெம்பனிஸ் தமிழன்

எங்கள் சிங்கப்பூர் விலங்குத் தோட்டத்தில் 2004இல் பனிக்கரடிகள் பச்சையாகிவிட்டன. ஷீபா, அவள் மகன் இனுகா. பனிக்கரடி ரோமத்தின் நடுவில் குழல் மாதிரி ஓட்டை உண்டு. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் அதற்குள்ளே பாசி வளர்ந்துவிட்டது! ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டுத்தான் வெளுக்க வைத்தார்கள். இது வெளி நிறமா உள் நிறமா, டீச்சர்தான் சொல்ல வேண்டும்.

விலங்கியல் டீச்சர்

வெளியிலிருந்து வந்து உள்ளே குடியேறியது :) கரடி அதைத் தயாரிக்கவில்லை, ஆகவே அண்ணா கணக்கில் சேருங்கள்.

பொன்னி திண்டுக்கல்

எல்லோருக்கும் நன்றி. மகள் பாட்டி தலையைச் சோதித்துவிட்டாள், பாட்டிக்குத்தான் கோபம். சித்தப்பா விடுவதாக இல்லை. செர்னோபிலில் பச்சைத் தவளை கறுத்துப் போனது என்று ஒரு செய்தியைத் தேடி அனுப்பி, "இதற்கு என்ன சொல்கிறாய்" என்கிறார். அப்புறம் ஒரு சந்தேகம், எங்கள் பக்கம் இப்படி ஒரு நாய் வந்தால் குளிப்பாட்டிவிடலாமா?

விலங்கியல் டீச்சர்

தவளைச் செய்தி உண்மை, 2022இல் வந்த ஆய்வு. அங்குள்ள மரத்தவளைகள் வெளியே இருப்பவற்றைவிடக் கறுப்பு. ஆனால் கதிர்வீச்சு புதிய நிறத்தைப் பூசியதாக அதில் இல்லை. அந்தக் கூட்டத்தில் முன்பே கொஞ்சம் கறுத்த தவளைகள் இருந்திருக்கும், 1986 விபத்தின்போது மெலனின் என்ற அந்தக் கறுப்பு நிறமி அவற்றைக் காப்பாற்றியிருக்கும், அவை பிழைத்துப் பெருகின என்பது ஆய்வாளர்களின் விளக்கம். கறுப்பு அதே பழைய நிறமிதான். சித்தப்பாவுக்குக் கால் மார்க் கொடுக்கலாம்.

நொய்யல்கரை

பழகிய நாய் என்றால் கையுறை போட்டு, சாதாரண சோப்பும் நிறையத் தண்ணீரும் போதும். மண்ணெண்ணெய், தின்னர் பக்கம் போகவே வேண்டாம், சாயத்தைவிட அது கேடு. நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், சோர்ந்து கிடந்தால் உடனே கால்நடை மருத்துவமனை. பழகாத நாயைத் துரத்திப் பிடிக்காதீர்கள்.

குளிப்பாட்டுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் படம் எடுங்கள், நிறமேறிய ரோமம் கொஞ்சம் கத்தரித்துக் காகிதத்தில் மடித்து வையுங்கள். பக்கத்தில் ஓடை, சாக்கடை எங்காவது அதே நிறம் தெரிகிறதா என்று பார்த்து, தேதியோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். போனில் சொன்னால் கேட்டுக்கொண்டு வைத்துவிடுவார்கள். மனு நகலில் சீல் வாங்காமல் வராதீர்கள்.