புதுப்பிப்பு: கியோமிசு மேடையைத் தாங்கும் ஆப்பு

ஜப்பானின் கியோட்டோ நகரிலுள்ள கியோமிசு கோயிலில், மலைச்சரிவில் உயரமான மரத்தூண்கள் தாங்கி நிற்கும் மேடையில் தூணும் சட்டமும் ஆணியில்லாமல் இணைவதற்குக் கச்சிதமான துளைதான் காரணம் என்று போன வாரம் எழுதியிருந்தேன். அது தவறு, திருத்துகிறேன்.

தூணை ஊடுருவிப் போகும் குறுக்குச் சட்டத்துக்கு நுகி என்று பெயர். துளையைச் சற்றுப் பெரிதாகவே வெட்டுகிறார்கள். இல்லாவிட்டால் அவ்வளவு நீளச் சட்டம் உள்ளே போகாது. மிஞ்சும் இடைவெளியில் குசபி, அதாவது ஆப்பு, அடித்து இறுக்குகிறார்கள். மரம் காய்ந்து சுருங்கினால் பிடி தளரும். சரி, ஆப்பை மறுபடி தட்டினால் போதும். ஆணிக்கு இந்த வசதி ஏது? 1633இல் திரும்பக் கட்டிய மேடை இன்றும் இப்படித்தான் நிற்கிறது.

அப்புறம், சட்டங்களின் வெளிமுனைகளைப் பாருங்கள். மழைநீர் இறங்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் குட்டிக் கூரை போலப் பலகை வைத்திருக்கிறார்கள்.