வேலை நேரம் ஒழுங்கில்லாத வீடுகளில் பாம்பு வளர்ப்பு: செட்டிநாட்டு உறவுகளின் அனுபவங்கள்

காரைக்குடி, கல்யாணச் சமையல் பணி

கல்யாணச் சமையலில் இருப்பவர்களுக்கு வாரம் என்ற கணக்கே கிடையாது. வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வரும்போது, நள்ளிரவில் அடுப்பு மூட்டி, காலைப் பலகாரத்தை முடித்து, மதியப் பந்தி ஓய்ந்த பிறகுதான் வீடு திரும்புவோம். ஆடியும் மார்கழியும் வந்தால் வேலையே இராது. இப்படிப்பட்டவர் பாம்பு வளர்க்கலாமா என்று அன்பர் ஒருவர் கேட்டிருந்தார். என்னிடம் ஒரு பால் பைத்தான் (Ball Python, பந்தாகச் சுருண்டுகொள்ளும் அயல்நாட்டு மலைப்பாம்பு வகை) சில ஆண்டுகளாக இருக்கிறது. நாயைவிடவும் பூனையைவிடவும் இந்த உயிர் நம் போன்றோரின் வேலைக்கு ஒத்துப்போகும் என்றே நினைக்கிறேன். ஆனால் அதை எப்போது கையில் எடுப்பது என்பதை நம் ஓய்வு நேரத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அதன் உடம்பு இருக்கும் நிலையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இது மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இனம். பகலில் வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் சுருண்டு கிடந்து, இருட்டிய பிறகே நடமாடும். வளர்ந்த பாம்புக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை இரை போதும். விழுங்கிய பின் குறைந்தது 48 மணி நேரம் அதைத் தொடவே கூடாது. தூக்கி அசைத்தால் பாதி செரித்த எலியைக் கக்கிவிடும், அது பாம்பின் உடம்பை வெகுவாக வாட்டும். ஆகவே தினசரி நாள்காட்டியில் முகூர்த்தங்களுக்குப் பக்கத்திலேயே இரை நாளையும் குறித்துவைக்கிறேன். தொடர்வேலை தொடங்குவதற்கு முந்தைய இரவில் இரை கொடுத்துவிட்டால், நான் வெளியூரில் இருக்கும் நாள்கள் அதற்குச் செரிமான நாள்களாக அமைந்துவிடுகின்றன.

எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கை வாடையைப் பற்றி மிகவும் கவனமாக இருக்க வேண்டும். கோழியும் ஆட்டிறைச்சியும் நறுக்கிய கையின் வாடை ஒரு முறை சோப்புப் போட்டால் போகாது. பால் பைத்தானின் மேலுதட்டு ஓரத்தில் வெப்பத்தை உணரும் சிறு குழிகள் வரிசையாக இருக்கின்றன. இறைச்சி வாடையும் உடம்புச் சூடும் சேர்ந்து வந்தால் அது நம் கையை இரை என்றே எண்ணிவிடும். எனவே குளித்து, உடை மாற்றி, முழங்கை வரை இன்னொரு முறை கழுவிய பிறகே பெட்டியைத் திறக்கிறேன். திறந்ததும் கையை நுழைப்பதில்லை. வளைந்த கம்பியின் நுனியால் நடு உடம்பை மெல்லத் தொட்டுவிட்டுப் பார்ப்பேன். கழுத்தை வளைத்துப் பின்னுக்கு இழுத்து, அசையாமல் என்னையே குறிபார்த்தால் மூடிவிடுவேன். நாக்கை நிதானமாக நீட்டி முகர்ந்துகொண்டிருந்தால், பக்கவாட்டிலிருந்து கையைக் கொண்டுபோய், வயிற்றுப் பகுதியை இரு இடங்களில் தாங்கி எடுப்பேன். கால் மணி நேரம் போதும். தலையை உள்ளே மறைத்துப் பந்தாகச் சுருண்டுகொண்டால் அது அச்சத்தின் அடையாளம். திரும்ப உள்ளே விட்டுவிட வேண்டும்.

உண்மையில் வேலை நேரம் இடையூறு செய்வது வெப்பத்தைப் பார்த்துக்கொள்வதில்தான். பெட்டியின் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரையிலும் குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 வரையிலும் இருந்தால் நல்லது. கத்திரி வெயிலில் நம் ஊர்க் கான்கிரீட் மாடியறை அந்த அளவையெல்லாம் எளிதில் தாண்டிவிடும். நான் குடியிருப்பது பழைய வீடொன்றின் இரண்டாம் கட்டு. கனத்த சுண்ணாம்புக் காரைச் சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, உயர்ந்த கூரை. முற்றத்துக் காற்றும் வந்து போவதால் மே மாதத்திலும் அறை தணிந்தே இருக்கிறது. மார்கழி இரவுக்கு மட்டும் சூட்டு விரிப்பைப் போடுகிறேன். சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் கருவி இல்லாமல் அதை யாரும் பயன்படுத்த வேண்டாம், பாம்பின் வயிறு வெந்துவிடும். நான் ஊரில் இல்லாதபோது தம்பி காலையும் மாலையும் வெப்பமானியைப் படம் எடுத்து அனுப்புகிறான். அப்படிப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இல்லாதவர்கள் பாம்பு வாங்குவதைத் தள்ளிப்போடுவதே நல்லது என்பேன்.

தேவகோட்டை, செவிலியர்

காரைக்குடி அண்ணன் சொன்னதோடு இரவுப் பணி பார்ப்பவர்களுக்காகச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். இரவுப் பணி முடிந்து வந்த காலையில் நான் பாம்பைத் தொடுவதே இல்லை. நமக்குக் கண் சொக்கும் அந்த வேளையில் அதுவும் ஒதுங்கிப் படுக்கப் போயிருக்கும். தூக்கக் கலக்கத்தில் பெட்டியைத் தாழிடாமல் விட்டுவிடும் அபாயமும் உண்டு. பணிக்குப் புறப்படுவதற்கு முன், விளக்கு வைத்த பிறகு கிடைக்கும் சிறிது நேரமே எங்கள் இருவருக்கும் ஒத்துவருகிறது.

கண் நீலம் பூத்துப் புகை படர்ந்ததுபோல் ஆகி, வயிறு இளஞ்சிவப்பாக மாறினால் சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள். அந்த நாள்களில் அதற்குப் பார்வை மங்கலாக இருப்பதால் சட்டென்று மிரளும். விடுப்பு கிடைத்திருக்கிறதே என்று எடுத்துக் கொஞ்ச வேண்டாம். உரிப்பதற்குச் சில நாள்களுக்கு முன்பே கண் மறுபடி தெளிந்துவிடும், அதைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. சட்டை முழுதாக, கண் மேலிருக்கும் வட்டச் செதில்களோடு சேர்ந்து கழன்றிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே நான் தூக்குகிறேன்.

குளிர் நாள்களில் என் பாம்பு வாரக்கணக்கில் இரையைத் தொடவில்லை. இந்த இனத்தில் அது வழக்கம்தான் என்பதால், அவசரப்பட்டு வாயில் திணிக்காமல், தராசில் எடையை மட்டும் குறித்துவந்தேன். எடை குறையவில்லை, வெயில் ஏறியதும் தானே உண்ணத் தொடங்கியது. எங்கள் அத்தை அந்த அறைப் பக்கமே வருவதில்லை. அவருடைய மன நிம்மதிக்காகப் பெட்டிக்கும் அறைக்கும் தனித்தனிப் பூட்டுப் போட்டுச் சாவியை என்னிடமே வைத்திருக்கிறேன்.

திருப்பத்தூர் பக்கம், சொந்தத் தொழில்

புதிதாக வாங்க நினைப்போர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். சாரை, நாகம், மலைப்பாம்பு போன்ற நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. பூட்டிக் கிடக்கும் வளவு வீடுகளில் அவை தென்பட்டால் வனத்துறையையோ தீயணைப்பு நிலையத்தையோ அழையுங்கள். பால் பைத்தான் போன்ற அயல்நாட்டு இனங்களுக்கு, 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2024இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் (PARIVESH) இணையதளத்தில் பதிவு கட்டாயம். உயிரைப் பெற்ற 30 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வாங்கும்போதே விற்பவரிடம் அவருடைய பதிவு ஆவணத்தைக் கேளுங்கள். காட்ட மறுத்தால் முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள். பதிவு முடிந்ததும் சான்றின் நகல் ஒன்றை, நீங்கள் இல்லாத நாள்களில் பாம்பைப் பார்த்துக்கொள்பவரிடமும் கொடுத்துவையுங்கள். யாரேனும் வந்து விசாரித்தால் அவர் தடுமாற வேண்டியிராது.