மறுமொழி: ஸ்டியரிங் 'ப்ளே' – தளர்வா, ஆட்டமா, வெற்றசைவா?

அனைவருக்கும் வணக்கம். கார் ஸ்டியரிங்கில் 'ப்ளே' என்பது, வளையத்தைத் திருப்பியும் சக்கரம் திரும்பாத அந்தச் சிறு தொலைவு. அதற்குத் தமிழ்ச்சொல் தேடி வாக்கெடுக்கும் இந்த இழையில் நான் 'வெற்றசைவு' என்று முன்மொழிந்திருந்தேன். அதற்குப் பேராசிரியர் ஐயா எழுதிய மறுப்பு இது:

> 'ப்ளே' என்பதற்குத் 'தளர்வு' போதும். எளிய சொல், எவருக்கும் புரியும். இதற்குமேல் இழுக்க வேண்டாம்.

பேராசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும், இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன். எனக்கு இந்தச் சொல்லோடு உள்ள பகை இலக்கணப் பகை அன்று. அதனால் கைப்பணம் இழந்தவன் நான்.

வேளச்சேரியிலிருந்து தரமணி வழியாக அலுவலகம் போகிறவன். வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் காரின் முன்பக்கத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் காதில் விழாததுபோல் கார் நேராகவே போகும். பணிமனையில் "லூசாக இருக்கிறது" என்றார்கள். லூஸ் என்றால் இறுக்க வேண்டியதுதானே? இறுக்கினார்கள். ஒரு வாரத்தில் சத்தம் திரும்பி வந்தது. அடுத்து வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தை அளந்து சரிசெய்வது. ஆடுகிற மேசையில் தராசை வைத்து எடை பார்த்த கதைதான் அது. சில மாதங்களில் முன் டயரின் ஓரம் ரம்பப் பல்போலத் தேய்ந்துவிட்டது. கடைசியில் புதுப்பேட்டையில் ஒரு வயதான மெக்கானிக் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்து, "டை ராட் எண்டு போய்விட்டது. இதை இறுக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்" என்றார். ஐந்து நிமிடம் ஆகவில்லை.

தளர்வு என்று சொன்னதுமே கை ஸ்பேனரைத் தேடுகிறது. தளர்ந்ததை இறுக்கலாம், தேய்ந்ததை என்ன செய்வது? டை ராட் எண்டு என்பது ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் முனையிலுள்ள மூட்டு. அந்த மூட்டுக்குள் ஓர் இரும்புப் பந்து கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் கிரீஸ், மேலே ரப்பர் உறை. உறை கிழிந்தால் மழைநீரும் மணலும் உள்ளே போகும், கிரீஸ் வெளியே வரும், பிறகு பந்தும் கிண்ணமும் ஒன்றையொன்று தின்னும். நம் ஊர் மழைக்காலத்துச் சாலைகளில் இதற்குத் தனி முயற்சி தேவையில்லை. (இந்த மூட்டுக்குப் புதுச்சொல் வேண்டியதில்லை. தோள்மூட்டுக்குப் பள்ளி அறிவியல் பாடத்தில் படித்த 'பந்துக் கிண்ண மூட்டு' அப்படியே பொருந்துகிறது.)

இந்த நிலைக்குப் பணிமனைகளில் ஏற்கெனவே ஒரு நல்ல சொல் உண்டு: ஆட்டம். பல் ஆட்டம் கண்டால் யாரும் அதை இறுக்கச் சொல்வதில்லை. எனவே சக்கரத்திலோ மூட்டிலோ கைக்குத் தெரிவதற்கு 'ஆட்டம்' என்றே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

ஆனால் ஸ்டியரிங் வளையத்துக்கு அது உதவாது. "ஸ்டியரிங் ஆடுகிறது" என்றால் இங்கே பெரும்பாலும் வேறு பொருள்: கிழக்குக் கடற்கரைச் சாலையில் 80 கி.மீ. வேகம் தொட்டதும் கையில் வரும் நடுக்கம். அது பெரும்பாலும் சக்கரத்தின் எடைச் சமநிலை கெட்டதால் வருவது. நாம் பேசுவது, வளையம் திரும்பியும் சக்கரம் திரும்பாத அந்தச் சிறு தொலைவை. அது புதுக் காரிலும் கொஞ்சம் இருக்கும். வளையத்தின் விளிம்பில் ஏறத்தாழ 30 மி.மீ. வரை ஏற்கும் கையேடுகள் உண்டு. பழுதைக் குறிக்கும் சொல்லை இதற்கு வைப்பது தவறு. ஆகவேதான் வெற்றிடம், வெற்றுரை வரிசையில் 'வெற்றசைவு' என்றேன்.

எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும்:

"சக்கரங்களை நேராக வைத்து, பவர் ஸ்டியரிங் என்றால் எஞ்சினை ஓடவிட்டு, வளையத்தை மெல்ல இருபுறமும் அசைத்து வெற்றசைவை அளக்கவும். அளவு மீறினால் முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைப் பிடித்து ஆட்டவும். கடிகாரத்தின் 9, 3 நிலைகளில் மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராட் முனையையோ ராக்கின் (ஸ்டியரிங்கின் பற்சட்டம்) உள்மூட்டையோ பார்க்கவும். 12, 6 நிலைகளில் தெரிந்தால் சக்கரத்தைத் தாங்கும் பந்துக் கிண்ண மூட்டாகவோ சக்கர பேரிங்காகவோ இருக்கலாம். ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லவும்: ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் மூட்டு."

இதில் இரண்டு சொற்களையும் எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் 'தளர்வு' போட்டுப் படித்துப் பாருங்கள்.

> 'வெற்றசைவு' வாயில் நுழையாது. மெக்கானிக்கிடம் சொன்னால் சிரிப்பார்.

அவர் சிரிப்பதற்காக ஆக்கிய சொல் அன்று. தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்கும் மாணவனுக்காக ஆக்கியது. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார் செய்கிறோம், அதைப் பழுது பார்க்கும் பாடத்தை இன்னும் கடன் சொற்களில்தான் உருப்போடுகிறோம்.

சாலைக் குலுக்கலை வாங்கிக்கொள்ளும் சஸ்பென்ஷனுக்குத் 'தொங்கல்' என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். குதிரை வண்டியின் பெட்டியைத் தோல்வாரில் தொங்கவிட்ட காலத்தில் ஆங்கிலத்தில் வந்த பெயர் அது. இன்றைய கார் சுருள்வில்லின்மேல் உட்கார்ந்திருக்கிறது, எதிலும் தொங்கவில்லை. 'தாங்கமைப்பு' என் வாக்கு. அதைத் தனி இழையில் பேசுவோம்.

போன சனிக்கிழமை அந்தப் புதுப்பேட்டை மெக்கானிக்கிடமே 'வெற்றசைவு' என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. விளக்கத்தை முழுதும் கேட்டுவிட்டு, "சும்மாச் சுற்று என்கிறீர்களா?" என்றார்.

அன்று முதல் எனக்கு என் சொல்மீது பழைய நம்பிக்கை இல்லை. வாக்கெடுப்பில் 'சும்மாச் சுற்று' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
வேளச்சேரியிலிருந்து