உப்பில் இருந்து காஸ்டிக் சோடா வீட்டிலேயே எடுக்க முடியுமா?

உப்பளத்துக்காரி:
தேங்காய் எண்ணெய் சோப்பு போட்டு விற்கிறேன். அதற்கு வேண்டிய காஸ்டிக் ஃபிளேக்ஸ் (காஸ்டிக் சோடாச் செதில்) விலை ஒரு மாதம் இறங்குகிறது, அடுத்த மாதம் எகிறுகிறது. கடைக்காரரைக் கேட்டால் "குளோரின் போகலம்மா, அதான்" என்கிறார். நான் கேட்டது காஸ்டிக், குளோரினுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் தூத்துக்குடியில் உப்பு மலிவு. பழைய பேட்டரி சார்ஜர் இருக்கிறது, ரெண்டு எவர்சில்வர் கரண்டியை உப்புத் தண்ணீரில் விட்டால் போதுமா?

மின்மினி:
முதலில் கரண்டியை எடுத்து அலமாரியில் வையுங்கள் சகோ. பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் கரையும், அதிலுள்ள குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்கும். கார்பன் கம்பி போட்டாலும் ஒரே பாத்திரத்தில் காஸ்டிக்கும் குளோரினும் சேர்ந்து தரை கழுவும் ப்ளீச் ஆகிவிடும், சூடானால் குளோரேட் என்ற வேறு உப்பு. சோப்புக்கு உதவாது.

கணக்கும் இடிக்கும். ஒரு கிலோ காஸ்டிக்குக்கு ஏறக்குறைய 1.46 கிலோ உப்பு வேண்டும், 5 ஆம்பியர் சார்ஜர் துளி வீணாகாமல் ஓடினாலும் 134 மணி நேரம். கூடவே 890 கிராம் குளோரின், அதாவது சுமார் 300 லிட்டர் வாயு! வீட்டில் அதை எங்கே விடுவீர்கள்?

செல்ஹவுஸ் பழசு:
கடைக்காரர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். தொழிற்சாலையில் உப்புத் தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கும் கலனான செல்லில் ஒரு டன் குளோரின் வந்தால் கூடவே 1.1 டன் காஸ்டிக் வந்தே தீரும், இந்த முறையில் ஒன்றை மட்டும் தனியாகத் தயாரிக்க வழியில்லை. காஸ்டிக்கைத் தொட்டியில் வைத்துக்கொள்ளலாம். குளோரினை அப்படி நிறையச் சேர்த்து வைக்க முடியாது, பைப் கசிந்தால் ஊரே காலி. பிவிசி, ஆசிட், குடிநீர் என்று எடுத்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால், எதிர்மறை விலைக்கு, அதாவது கையில் இருந்து காசு கொடுத்துத் தள்ளிவிடுவார்கள், இல்லை உற்பத்தியையே குறைப்பார்கள். குறைத்தால் காஸ்டிக்கும் குறையும், உங்கள் விலை எகிறும்.

உப்பு மலிவு என்பதும் பெரிய சலுகை இல்லை. செலவில் பெரும்பகுதி கரண்ட்தான், டன் காஸ்டிக்குக்கு 2,000 யூனிட்டுக்கு மேல் போகும். மேட்டூரில் இந்தத் தொழில் கால் ஊன்றியதற்கு அணைக்கட்டு மின்சாரமும் ஒரு காரணம். இப்போது ஓடுவது மெம்பரேன் செல், சோடியத்தை மட்டும் இந்தப் பக்கம் விடும் மெல்லிய சவ்வு. அதில் கால்சியம், மெக்னீசியம் நூறு கோடியில் சில பத்து பங்கு இருந்தாலே சவ்வு கெட்டுப்போகும். உப்பளத்து உப்பை அப்படியே போட்டால் அவ்வளவுதான்.

உப்பளத்துக்காரி:
அப்போ சலவைச் சோடாவும் சுண்ணாம்பும் கலந்தால் காஸ்டிக் வரும் என்கிறார்களே அண்ணா?

செல்ஹவுஸ் பழசு:
வரும்மா, மின்சாரத்தால் பிரிக்கும் மின்பகுப்பு முறை வருவதற்கு முன்னால் அப்படித்தான் எடுத்தார்கள். ஆனால் நீர்த்த கரைசல்தான் கிடைக்கும், எவ்வளவு காரம் இருக்கிறது என்று டைட்ரேட் பண்ணாமல் (அளவு தெரிந்த ஆசிட் விட்டுச் சோதிக்காமல்) சோப்பில் ஊற்றினால் ஒரு நாள் எண்ணெய் மிதக்கும், ஒரு நாள் தோல் எரியும். பக்கத்தில் சோப்பு போடுகிறவர்களோடு சேர்ந்து விலை இறங்கும்போது 50 கிலோ மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா முக்கியம், அலுமினியம் கூடாது. திறந்து வைத்தால் ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்து எடை ஏறும், காரம் குறையும், அப்புறம் உங்கள் அளவெல்லாம் தப்பும்.