மழைக்குத் தோற்ற கோட்டை: கேசில் ட்ரோகோ போனவர்கள் எழுதுங்கள்

எக்ஸிடர்வாசி:

வேலைக்காக இங்கிலாந்தில் டெவன் மாவட்டத்துப் பக்கம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இங்கே கோட்டை என்றாலே இடிந்த சுவரும், அதன்மேல் முளைத்த செடியும், ஒரு தகவல் பலகையும்தான். ஆனால் போன மாதம் நாங்கள் போன கோட்டை கட்டி முடித்து இன்னும் நூறு வருஷம்கூட ஆகவில்லை. உள்ளே லிஃப்ட் இருக்கிறது, டெலிபோன் இருக்கிறது. வாசலில் மேலிருந்து இறங்கும் தடுப்புக் கதவும் இருக்கிறது. யார் படையெடுத்து வருவார்கள் என்று வைத்தார்களோ!

டார்ட்மூர் என்ற மேட்டுப் பொட்டல் நிலத்தின் ஓரத்தில், ட்ரூஸ்டெய்ன்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. டெவன் கிராமச் சாலை தெரியாதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஒரு கார் போகும் அகலம்தான், இரண்டு பக்கமும் ஆள் உயர வேலி. எதிரே டிராக்டர் வந்து, வளைவில் நான் ரிவர்ஸ் எடுத்த எடுப்பில் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

கட்டியவர் பெயர் ஜூலியஸ் ட்ரூ. ராஜாவும் இல்லை, பிரபுவும் இல்லை, மளிகை வியாபாரி. இளம் வயதில் சீனாவுக்குப் போய்த் தேயிலை கொள்முதல் பழகியவர். பிறகு கூட்டாளியுடன் சேர்ந்து 'ஹோம் அண்ட் கொலோனியல் ஸ்டோர்ஸ்' என்ற கடைகளைத் தொடங்கி, ஊர் ஊராகக் கிளை போட்டு, 1889இல் 33 வயதிலேயே தினசரி வியாபாரத்திலிருந்து ஒதுங்கிவிட்டார். நமக்கெல்லாம் அந்த வயதில் வீட்டுக் கடன்தான் ஆரம்பிக்கிறது.

பணம் வந்ததும் வம்சம் தேடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதானே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் இருந்த ட்ரோகோ என்ற நார்மன் பிரபுவின் வழித்தோன்றல் நீங்கள் என்று வம்சாவளி பார்க்கும் ஒருவர் சொல்ல, மனுஷர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். 1910இல் இங்கே நிலம் வாங்கினார். தம் பெயரின் கடைசியில் பழங்காலத்துப் பாணியில் ஓர் எழுத்தைக்கூடச் சேர்த்துக்கொண்டார். 1911 ஏப்ரல் 4, அவருடைய 55ஆவது பிறந்த நாள். அன்றைக்கு அஸ்திவாரக் கல்.

கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ். ஆமாம், நம் டெல்லி ராஷ்டிரபதி பவன் லட்யன்ஸேதான். அவருக்கு இந்தக் கோட்டை ஆசையில் பெரிய உடன்பாடு இல்லை. பெரிய பெரிய அறைகளோடு ஓர் அழகான வீடு கேட்கக் கூடாதா என்று மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அங்கலாய்த்திருக்கிறார். ஆனாலும் வேலை என்று வந்தபின் கை குறையவில்லை. வெளியிலிருந்து பார்த்தால், பாறையை விட்டுப் பிரித்துச் சொல்ல முடியாதபடி கருங்கல் எழுந்து நிற்கிறது. கீழே பள்ளத்தாக்கில் டீன் ஆறு.

எனக்கு மிகவும் பிடித்தது அடுப்படி. சுவரில் ஜன்னலே கிடையாது. தலைக்கு நேர் மேலே வட்டமான கூரைக் கண்ணாடி. அதற்கு நேர் கீழே, அதே வட்டத்துக்குப் பொருத்தமாக லட்யன்ஸ் வரைந்து கொடுத்த வட்ட மர மேசை. நான் போன நேரம் மேகம் விலகி மேசைமேல் மட்டும் வெயில் விழுந்தது. இங்கே உட்கார்ந்து வெங்காயம் உரித்தால்கூட அழுகை வராது என்றாள் மனைவி.

வேறு யாராவது போயிருக்கிறீர்களா?

வாட்டம்பார்ப்பவன்:

போயிருக்கிறேன் சார். ஆனால் நான் பார்த்தது கோட்டையை இல்லை, சாரத்தை! பழுதுபார்க்கும் வேலை நடந்த வருஷங்களில் ஒருநாள் போய்ச் சேர்ந்தேன். கட்டடத்தில் முக்கால்வாசி பிளாஸ்டிக் தாளுக்குள் இருந்தது. கூட வந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். எனக்கோ திருவிழா. சென்னையில் பதினைந்து வருஷம் மொட்டை மாடி ஒழுகல் பார்த்தே சம்பாதித்தவன் நான்.

விஷயம் இதுதான். கோட்டை மாதிரி தெரிய வேண்டும் என்பதால் சாய்வுக் கூரை இல்லாமல் தட்டைக் கூரை. அதன்மேல் அஸ்ஃபால்ட், நம் பாஷையில் தார். அந்தக் காலத்துக்கு அது புதுசு. வெயிலுக்குக் கட்டடம் விரிகிறது, குளிருக்குச் சுருங்குகிறது. தாரால் கூடவே நெளிய முடியவில்லை, விரிசல் விட்டுவிட்டது. சுவர் முகம் மொழுக்கென்று இருக்க வேண்டும் என்று ஜன்னலுக்கு அடிக்கட்டைகூடத் துருத்தாமல் விட்டிருக்கிறார்கள். சன்ஷேட் பற்றிக் கேட்கவே வேண்டாம். டார்ட்மூர் மழை நேராக விழாது சார், பக்கவாட்டில் அடிக்கும். சுவரில் வழிகிற தண்ணீரைத் தள்ளிவிட ஒன்றுமே இல்லை என்றால் அது எங்கே போகும்? உள்ளேதான். சுவரும் முழுக் கருங்கல்லாகத்தான் இருக்க வேண்டும், நடுவே இடைவெளி விடக் கூடாது என்று ட்ரூ ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார். இடைவெளி விட்டிருந்தால் ஓதமாவது குறைந்திருக்கும்.

நம் ஊர்ப் பழைய மெட்ராஸ் மாடியை நினைத்துக்கொண்டேன். செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர் விட்டு அடித்து, மேலே தட்டோடு பதித்து, வாட்டம் விட்டு... அந்தக் கொத்தனார் ஒருவர் டெவனில் இருந்திருந்தால்!

1974இல் ட்ரூ குடும்பம் இதை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைத்தது. இருபதாம் நூற்றாண்டில் கட்டியதில் அவர்களுக்கு வந்து சேர்ந்த முதல் வீடு இது. கூடவே ஒழுகலும் வந்து சேர்ந்தது. கடைசியில் 900க்கும் மேற்பட்ட ஜன்னல்களைக் கழற்றி, கூரையைப் பிரித்து, புதிதாகத் தண்ணீர் புகாத படலம் போட்டிருக்கிறார்கள். ஒன்றரைக் கோடி பவுண்டு அளவுக்குச் செலவு. லட்யன்ஸ் மகா கலைஞன்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் மேஸ்திரி பார்த்திருந்தால் நான்கு வார்த்தை கேட்டிருப்பார்.

மதுரைக்காரி:

அண்ணா, ஒழுகலை விடுங்கள். அந்த மகன் அறைக்கு நீங்கள் இரண்டு பேரும் போகவில்லையா?

என் பையனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். தோட்டத்தில் பிள்ளைகள் விளையாடக் கட்டிய குட்டி வீடு ஒன்று உண்டு, அதைப் பார்த்ததும் அவன் நகர மறுத்துவிட்டான். பிறகு தாஜா பண்ணி உள்ளே அழைத்துப் போனேன். ட்ரூவின் மூத்த மகன் ஏட்ரியன் பீரங்கிப் படையில் மேஜர். முதல் உலகப் போரில், 1917 ஜூலையில், பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் இறந்துபோனார். அவருடைய பள்ளிக்காலப் பொருள்கள், ராணுவ நினைவுகள் எல்லாவற்றையும் அம்மா ஓர் அறையில் அடுக்கி வைத்திருக்கிறார். பெரிய கூடங்களை எல்லாம் கடகடவென்று தாண்டி வந்த எனக்கு அந்தச் சின்ன அறையில் கால் ஓடவில்லை. பையன் பதினான்கு வயது, உயரத்தில் என்னைத் தாண்டிவிட்டான். அவன் ஃபோட்டோ எடுக்கக் கேமராவைத் தூக்கினான், வேண்டாம் என்றேன்.

இன்னொன்று. இப்போது நாம் பார்ப்பது முதலில் திட்டமிட்டதில் மூன்றில் ஒரு பங்குதான். கட்டட வாசலுக்கு முன்னால் பெரிய நுழைவுக் கோபுரம் வைக்கலாம் என்று லட்யன்ஸ் மரத்தாலேயே முழு அளவில் மாதிரி நிறுத்திக் காட்டினாராம். ட்ரூ வேண்டாம் என்றுவிட்டார். பெருங்கூடமும் கைவிடப்பட்டது. அதற்காகப் போட்ட அடித்தளத்தில்தான் இப்போது தேவாலயம் இருக்கிறது. வேலை 1930 வரை இழுத்து, அடுத்த வருஷமே ட்ரூ காலமாகிவிட்டார். நடுவில் யுத்தம், ஆள் இல்லை, பணமும் முன்போல் இல்லை. ஆனால் மகன் போனபிறகு அவருக்கு அதில் முன்னிருந்த ஆசை இருந்திருக்குமா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இது என் கணக்கு, புத்தகத்தில் இருப்பது இல்லை.

எக்ஸிடர்வாசி:

அக்கா, அந்த அறையைப் பார்த்தேன். எழுத வரவில்லை, அதனால்தான் விட்டுவிட்டேன்.

எஞ்சினியர் சார், உங்களுக்கு ஒரு தகவல். ஆற்றோரம் இறங்கினால் நீர்மின் நிலையம் இருக்கிறது, கோட்டைக்காகவே 1920களில் வைத்தது. 2017இல் பழுது பார்த்து மறுபடி ஓடவிட்டிருக்கிறார்கள். அதாவது மேலே வந்த தண்ணீர் வீட்டைக் கெடுத்தது, கீழே ஓடிய தண்ணீர் விளக்கு ஏற்றியது. ஏறி வரும்போதுதான் மூச்சு வாங்குகிறது, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து இறங்குங்கள்.

வாட்டம்பார்ப்பவன்:

சாரம் இருந்ததால் அந்தப் பக்கம் போகவே இல்லையே சார்! அடுத்த தடவை உங்கள் வீட்டில்தான் தங்கல். மழை நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள், புதுக் கூரை நிற்கிறதா என்று பார்த்துவிடலாம்.